அடுப்பில் உமி, உலையில் எஃகு இழை: இரும்பு ஆலைகளின் உட்சுவரைக் காக்கும் மெல்லிய கம்பிகள்

ஈப்போ: தோட்டத்து லயங்களில் மண் அடுப்பு போட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வெறும் களிமண்ணைக் குழைத்து அடுப்பு பிடித்தால் அது காயும்போதே வெடிக்கும். தப்பித் தவறி காய்ந்துவிட்டாலும், முதல் நாள் உலை வைத்ததும் பாளம் பாளமாகப் பிளக்கும். அதனால் உமி கிடைத்தால் உமி, கிடைக்காவிட்டால் நறுக்கிய வைக்கோல் அல்லது புல் என்று ஏதாவது ஒன்றை மண்ணோடு சேர்த்து மிதிப்பார்கள். அந்த அடுப்பிலும் விரிசல் விழத்தான் செய்யும். ஆனால் விரிசல் விழுந்த பிறகும் அடுப்பு விழாமல் நிற்கும்.

இன்றைய இரும்பு, எஃகு ஆலைகளில் 1,500 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கும் உலோகத்தைத் தாங்கும் உலைகளிலும் அதே யோசனைதான் வேலை செய்கிறது. உமிக்குப் பதிலாக அங்கே துருப்பிடிக்காத எஃகினால் ஆன சிறு கம்பி இழைகள். நீளம் ஓர் அங்குலம் அளவு. தடிமன் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. கையில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் உடைந்த கம்பித் தூள் போலத்தான் இருக்கும்.

பேராக் மாநிலத்துத் தமிழர்களுக்கு இந்த ஆலை உலகம் அந்நியமானதல்ல. ஈப்போ, மெங்லெம்பு, லகாட் வட்டாரங்களில் ஈயச் சுரங்கத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம் தொட்டே வார்ப்புப் பட்டறைகள் இருந்து வருகின்றன. வடக்கே பிறை தொழிற்பேட்டையில் எஃகு ஆலைகள். லுமுட் அருகே தெலுக் ரூபியாவில், 2014 முதல் பிரேசிலின் வாலே நிறுவனம் நடத்தும் இரும்புத் தாது முனையம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணத்துக்கு வந்த பிறகு, இந்த ஆலைகளிலும் பட்டறைகளிலும் வெல்டராகவும் கொத்தனாராகவும் குத்தகை வேலையாளாகவும் சேர்ந்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

பால் மரத்தில் எரிந்த ஊதுலை

இரும்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நேரடித் தொடர்பே ஒரு காலத்தில் இருந்தது. இளைய தலைமுறைக்கு அது வியப்பாக இருக்கலாம்.

1961இல் ஜப்பானின் யவாத்தா இரும்பு எஃகு நிறுவனத்தின் கூட்டு முயற்சியாகத் தொடங்கப்பட்டது மலாயவாத்தா எஃகு நிறுவனம். பினாங்கு மாநிலத்தின் பிறையில் அமைந்த அதன் ஆலை 1967இல் இயங்கத் தொடங்கியது. இரும்புத் தாதை ஊதுலையில் உருக்குவதற்கு வழக்கமாகக் கோக் எனப்படும் சுட்ட நிலக்கரி வேண்டும். அதற்கு ஏற்ற நிலக்கரி இந்நாட்டில் இல்லை. ஆனால் 25, 30 ஆண்டு பால் சீவி ஓய்ந்த ரப்பர் மரங்கள் மறுநடவுக்காக ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுக் கொண்டிருந்தன. அந்த மரங்களைக் கரியாக்கி, அந்தக் கரியைக் கொண்டே மலாயவாத்தா இரும்பை உருக்கியது. தாத்தா பால் வெட்டிய மரமே பிறகு இரும்பை உருக்கும் கரியாகப் போனது.

ரப்பர் மரப் பலகைக்கு நாற்காலி மேசைச் சந்தை பிறந்த பிறகு அந்த மரத்தைக் கரியாக்குவது கட்டுப்படியாகாத காரியமாகிவிட்டது. அதே பிறை வளாகத்தில் பின்னாளில் ஆன் ஜூ நிறுவனம் 2011இல் கோக் கரியில் இயங்கும் சிறிய ஊதுலையைத் தொடங்கியது.

கரி எதுவானாலும் உலையின் கதை ஒன்றுதான். வெளியே இருப்பது எஃகுத் தகட்டாலான கூடு. உள்ளே இருப்பது உருகிய இரும்பு. எஃகுக் கூடு 500, 600 டிகிரியிலேயே தன் வலுவை இழந்து தளரத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது உட்சுவர் மட்டுமே. ஆலைக்காரர்கள் அதை லைனிங் என்பார்கள்.

சுவர் ஏன் உதிர்கிறது?

பழைய முறையில் லைனிங் என்றால் பயர் பிரிக் எனப்படும் தீச்செங்கல் அடுக்கிக் கட்டுவது. இப்போது பல இடங்களில் காஸ்டபல் பயன்படுகிறது. இது பையில் வரும் உலர்ந்த கலவை. உள்ளே அலுமினா நிறைந்த கல் பொடியும் சிறு கற்களும் சிறப்பு சிமெண்டும் இருக்கும். தண்ணீர் சேர்த்துக் கலக்கி, அச்சுக்குள் கான்கிரீட் போல ஊற்றி, அதிரவைத்து நிரப்புவார்கள்.

வீடு கட்டும் சிமெண்டை இந்த வேலைக்குப் பயன்படுத்த முடியாது. அது 400, 500 டிகிரியில் தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து, பின்னர் காற்றின் ஈரம் பட்டதும் பொடிந்து போகும். காஸ்டபலில் சேர்வது கால்சியம் அலுமினேட் சிமெண்ட். பிரான்சின் லஃபார்ஜ் நிறுவனத்துக்காக ஜூல் பியேத் என்பவர் 1908இல் காப்புரிமை பெற்ற சிமெண்ட் வகை இது. வீட்டு வேலையில் கைதேர்ந்த கொத்தனார்கூட இதைக் கையாளும்போது புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

காஸ்டபல் சுவர் சூட்டைத் தாங்கும். சூடு மாறுவதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. லேடல் எனப்படும் உருக்கு வாளியை எடுத்துக்கொள்வோம். உருகிய எஃகு ஊற்றப்படும்போது அதன் உட்புறம் சில நிமிடங்களில் ஆயிரத்துக்கு மேல் ஏறுகிறது. காலி செய்ததும் திறந்த வாய் வழியே குளிர்ந்த காற்று பாய்கிறது. சூடான முகம் விரியப் பார்க்கும். பின்னால் இருக்கும் குளிர்ந்த பகுதி அதை விடாமல் பிடிக்கும். இந்த இழுபறியில் சுவர் விரிசல் விடுகிறது. சுடுகலயத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் படீர் என்று கீறல் விழுவது போலத்தான்.

விரிசல் விழுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பல விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவரின் முகம் கையளவு, முறத்தளவு பாளங்களாகப் பெயர்ந்து விழுவதுதான் ஆபத்து. பாளம் விழுந்த இடத்தில் சுவர் மெலிகிறது. மெலிந்த இடத்தில் வெளிக் கூடு சிவக்கிறது. அதற்கும் மேல் கவனிக்காமல் விட்டால் உருகிய உலோகம் வெளியேறும். தரையில் சிறிது நீர் தேங்கியிருந்தாலும் போதும். உலோகம் அதன் மேல் கொட்டினால் வெடித்துச் சிதறும். உலைக் கூடத்தில் வேலை செய்பவர்கள் கனவிலும் காண விரும்பாத காட்சி அது.

விரிசலுக்குக் குறுக்கே ஒரு பாலம்

எஃகு இழை விரிசல் விழுவதைத் தடுப்பதில்லை. பலரும், சில சமயம் விற்பனையாளர்களும்கூட, தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. இழை சேர்த்த சுவரிலும் ஏறக்குறைய அதே சூட்டு மாற்றத்தில் முதல் விரிசல் தோன்றும். வித்தியாசம் அதன் பிறகுதான். விரிசல் வாய் திறக்க முயலும்போது அதற்குக் குறுக்கே கிடக்கும் நூற்றுக்கணக்கான இழைகள் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒவ்வோர் இழையையும் பிடுங்கி எடுக்க விசை வேண்டும். அதனால் ஒரு பெரிய பிளவு விழ வேண்டிய இடத்தில் மயிரிழை போன்ற பல சிறு கீறல்கள் விழுகின்றன. பாளம் பெயராமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எவ்வளவு இழை சேர்ப்பார்கள்? பெரும்பாலும் எடையில் 2 முதல் 4 விழுக்காடு. 100 கிலோ காஸ்டபலுக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஃகு கனமான பொருள் என்பதால் கொள்ளளவில் பார்த்தால் அது 1 விழுக்காடுகூட வராது. ஆனால் எண்ணிக்கை மலைக்க வைக்கும். 25 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இழை ஒரு கிலோவில் ஏறத்தாழ 26,000 இருக்கும். மூன்று கிலோவில் 78,000. அந்த 100 கிலோ கலவை சுமார் 43 லிட்டர் இடத்தை நிரப்பும். அப்படியானால் ஒவ்வொரு லிட்டருக்குள்ளும் சுமார் 1,800 இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கின்றன. விரிசல் எந்தப் பக்கம் ஓடினாலும் சிலவற்றைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

இந்த இழைகளைச் செய்யும் விதமும் சுவையானது. கம்பியை இழுத்து நறுக்குவது ஒரு வழி. தகட்டைச் சீவுவது இன்னொன்று. உலை வேலைக்கு அதிகம் பயன்படுவது மூன்றாவது வழி. உருகிய எஃகின் மேற்பரப்பை, உள்ளே நீர் ஓடிக் குளிர்ச்சியாக இருக்கும் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்றபடி தொட்டுச் செல்லும். சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய உலோகம் கண நேரத்தில் உறைந்து, சிறு இழைகளாகத் தெறித்து விழும். 1970களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள பாட்டெல் ஆய்வகத்தில் உருவான முறை இது. கம்பியாக இழுக்க மறுக்கும் கலப்பு எஃகையும் இதனால் மலிவாக இழையாக்க முடிகிறது. இழையின் வெட்டுமுகம் வட்டமாக இல்லாமல் பிறை வடிவில், சொரசொரப்பாக வருவது கூடுதல் லாபம். கலவைக்குள் நல்ல பிடிப்புக் கிடைக்கும்.

உமி போட்ட மூசை

இழை கலந்த உலைச்சுவர் மேல்நாட்டார் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தென்னிந்தியா பழங்காலத்தில் உலகுக்கு ஏற்றுமதி செய்த ஊட்ஸ் எஃகு, மூடிய மண் மூசைகளில் உருக்கப்பட்டது. மூசை என்றால் பொற்கொல்லர்கள் வைத்திருப்பது போன்ற குகைச் சட்டி. தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் கிடைத்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்த தெல்மா லோவ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், களிமண்ணில் ஏராளமாக நெல் உமி கலக்கப்பட்டிருந்ததைக் காட்டினார். 1990இல் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு அந்த மூசையை இழை வலுவூட்டப்பட்ட மண்பொருள் என்றே வகைப்படுத்தியது. கருகிய உமியின் கரியும் அதன் மணற்சத்தும் அப்படியே உள்ளே தங்க, கடும் சூட்டில் களிமண்ணுக்குள் முல்லைட் என்னும் கனிமம் நுண்ணிய ஊசிகளாக வளர்ந்திருந்தது.

தமிழ்நாட்டிலும் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மேல்சிறுவலூரில் இத்தகைய எஃகு உருக்கிய மூசைகளின் எச்சங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் வெளிக்கொணர்ந்தார். லயத்தில் உமி மிதித்த பாட்டிக்கு அந்த வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கைப்பழக்கம் மட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது.

சேலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு இன்னொரு செய்தி. எஃகு உலைகளின் அடிப்பகுதிக்குத் தேவையான மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் சேலத்துக் கரடுகளில் வெட்டப்படுகிறது. அதற்காகவே தமிழ்நாடு அரசு 1979இல் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது.

எந்த எஃகு, எந்தச் சூடு

துருப்பிடிக்காத எஃகு எல்லாம் ஒன்றல்ல. பையின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். 430 என்பதில் சுமார் 17 விழுக்காடு குரோமியம், நிக்கல் கிடையாது. ஏறத்தாழ 800 டிகிரி வரை நன்றாக உழைக்கும். 304 என்பது சமையலறைப் பாத்திரங்களில் உள்ள அதே வகை. 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். 900 டிகிரி அளவுக்குத் தாங்கும். 446இல் 25 விழுக்காடு குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. 310இல் 25 விழுக்காடு குரோமியத்தோடு 20 விழுக்காடு நிக்கலும் சேரும். கடைசி இரண்டும் 1,100 டிகிரி வரை போகும். நிக்கல் விலை ஏறும்போதெல்லாம் 310இன் விலையும் ஏறும். அதனால் பலர் 446க்கு மாறுகிறார்கள்.

பட்டறைகளில் காந்தம் வைத்துப் பார்த்து எஃகின் தரத்தைச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. இழை விஷயத்தில் அதை நம்பக்கூடாது. உயர்தரமான 446ஐயும் காந்தம் பிடிக்கும். மலிவான 430ஐயும் பிடிக்கும். துருப்பிடிக்கும் சாதாரண எஃகையும் பிடிக்கும். தயாரிப்பாளரின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது ஒன்றுதான் பாதுகாப்பான வழி.

உலையின் உள்முகம் 1,400 டிகிரியில் இருக்கிறதே, 1,100 தாங்கும் இழை அங்கே என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 200 மில்லிமீட்டர் தடிமனான ஒரு சுவரை எண்ணிப் பார்ப்போம். உள்முகம் 1,400, வெளிமுகம் 200 டிகிரி. நடுவே சூடு சீராகக் குறைகிறது என்று கொண்டால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 6 டிகிரி இறங்கும். உள்முகத்திலிருந்து 50 மில்லிமீட்டர் ஆழத்தில் சூடு 1,100க்கு வந்துவிடும். முதல் 50 மில்லிமீட்டரில் உள்ள இழைகள் சில நாளில் எரிந்து ஆக்சைடாகப் போனாலும், அதற்குப் பின்னால் 150 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இழைகள் உயிரோடு இருக்கும். சுவரை நிறுத்தி வைப்பது அவைதான்.

இழைக்கும் சுவருக்கும் விரியும் அளவிலும் வேற்றுமை உண்டு. சூடேறும்போது 304 எஃகு காஸ்டபலைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம் விரியும். இதனால்தான் தடித்த கம்பியைச் சுவருக்குள் புதைப்பதில்லை. அதுவே சுவரைப் பிளந்துவிடும். சுவரைக் கூட்டோடு பிணைக்கும் ஏங்கர் கம்பிகளின் நுனியில் பிளாஸ்டிக் தொப்பியோ தார்ப் பூச்சோ போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். சூட்டில் பூச்சு எரிந்து போக, கம்பி விரிய இடம் கிடைக்கும். மெல்லிய இழைக்கு அந்தத் தொல்லை குறைவு.

எங்கே சேர்க்கலாம், எங்கே கூடாது

இழை அதிகம் பயன்படும் இடங்கள் அடிக்கடி சூடேறி அடிக்கடி ஆறும் பகுதிகள்: லேடல் மூடி, மின்வில் உலைக் கூரையின் நடுவில் மூன்று மின்முனைகள் இறங்கும் முக்கோணப் பகுதி, எரிவாய்க் கட்டிகள், கோக் சூளைக் கதவுகள். இவற்றில் பலவற்றை வேறிடத்தில் முன்கூட்டியே வார்த்து, உலர்த்தி, ஆலைக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள்.

மிகக் கடினமான வேலை, உருகிய இரும்பிலிருந்து கந்தகத்தை நீக்கும் குழாய்க்கு. எஃகுக் குழாயைச் சுற்றிக் காஸ்டபல் வார்த்துச் செய்யப்படும் இந்த நீண்ட தடியை 1,300 டிகிரிக்கு மேலான இரும்புக்குள் நேராக முக்கி, அதன் வழியே சுண்ணாம்புத் தூளையோ மெக்னீசியத்தையோ வாயுவோடு செலுத்துவார்கள். சில நிமிடம் முக்கி எடுத்து ஆறவிட்டு, மறுபடியும் முக்க வேண்டும். இழை இல்லாவிட்டால் காஸ்டபல் குழாயிலிருந்து கழன்று விழும். பிறகு வெறும் குழாய் இரும்புக்குள் கரைந்து போகும்.

நேர்மாறாக, உருகிய எஃகு மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் உள்முகத்துக்கு இழை ஏற்றதல்ல. அங்கே அது உருகும். உருகாவிட்டால் ஆக்சைடாகி, சுவரின் தாங்கும் சூட்டையே குறைத்துவிடும். இன்னொரு பொறி, கார்பன் மோனாக்சைடு வாயு நிறைந்த இடங்கள். 400 முதல் 700 டிகிரிக்குள் இரும்பு பட்ட இடத்தில் அந்த வாயு பிரிந்து கரியாகப் படியும். படிந்த கரி சுவரை உள்ளிருந்தே பிளக்கும். ஊதுலையின் மேற்பகுதியில் இழை போடலாமா, போட்டால் எந்த வகை என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் சொல்லைக் கேட்டு முடிவு செய்யும் காரியமல்ல.

கெடுவது பெரும்பாலும் கலக்கும்போதுதான்

விலை உயர்ந்த இழையை வாங்கிப் போட்டும் சுவர் நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். குறைந்த சிமெண்ட் கொண்ட இன்றைய காஸ்டபலுக்கு எடையில் 5 முதல் 7 விழுக்காடு நீரே போதும். 25 கிலோ பைக்கு ஒன்றரை லிட்டர் என்று வையுங்கள். இழை சேர்ந்ததும் கலவை இறுகிவிடும். கரண்டிக்கு வராமல் முரண்டு பிடிக்கும். அப்போது கை தானாக வாளியைத் தேடும். இன்னும் ஒரு லிட்டர் ஊற்றினால் கலவை இளகி ஓடும், வேலையும் சட்டென்று முடியும். ஆனால் நீரின் அளவு 10 விழுக்காடாகிவிட்டது. கூடுதல் நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் ஓட்டை. இழையால் கிடைத்த லாபம் அந்த ஒரு லிட்டரில் போய்விடும். கலவை இறுகினால் வைப்ரேட்டரைத்தான் நம்ப வேண்டும்.

இழையை மொத்தமாகக் கொட்டினால் தலைமுடிச் சிக்கு போல உருண்டை பிடிக்கும். உருண்டைக்குள் கலவை நுழையாது. அந்த இடம் சுவருக்குள் பொந்தாக நிற்கும். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பெரிய கண் சல்லடை வழியே சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். நீளமான இழை விரிசலை நன்றாகப் பிடிக்கும். அதே நீளம்தான் எளிதில் சிக்கும். 25 மில்லிமீட்டர் நீளம் பரவலாகப் பயன்படுவதற்கு இந்தச் சமரசமே காரணம்.

அடுத்தது உலர்த்தல். உயிருக்கே ஆபத்து வரக்கூடிய கட்டம் இது. ஒரு டன் காஸ்டபலில் சுமார் 60 லிட்டர் நீர் இருக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,700 லிட்டர் அளவுக்குப் பெருகும். இறுக்கமான சுவருக்குள் அந்த ஆவிக்கு வழி இல்லாவிட்டால் சுவர் குண்டு போல வெடிக்கும். முதல் நாள் கட்டியதை மறுநாள் காலை உற்பத்திக்கு விட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கும்போதுதான் விபத்துகளுக்குக் கதவு திறக்கிறது. மணிக்கு 25, 30 டிகிரி வீதம் மெல்லச் சூடேற்றி, 110 முதல் 150 டிகிரிக்குள் நீண்ட நேரம் நிறுத்தி, பின் மேலும் இரண்டொரு கட்டங்களில் நிறுத்தி ஏற்றுவது வழக்கம். சரியான அட்டவணையைத் தயாரிப்பாளர் தருவார். ஈப்போ போன்ற மழை ஊரில், திறந்த கொட்டகையில் கிடந்த அச்சுக்கு மேலும் அவகாசம் கொடுத்தாக வேண்டும்.

எஃகு இழை இந்த வெடிப்பைத் தடுக்கும் என்று நினைப்பது தவறு. அதற்கு வேறோர் இழை இருக்கிறது. பாலிபுரோப்பிலீன் எனப்படும் பிளாஸ்டிக் இழை சுமார் 160 டிகிரியில் உருகி, சுவருக்குள் நுண்ணிய குழாய் வழிகளை விட்டுச் செல்லும். ஆவி அந்த வழியே வெளியேறும். பல காஸ்டபல்களில் இரண்டு இழைகளும் சேர்ந்தே இருக்கும்.

இடித்து எடுக்கும் நாள்

எவ்வளவு நல்ல லைனிங்கும் ஒருநாள் தேய்ந்து போகும். அதை உடைத்து எடுக்கும் வேலை பெரும்பாலும் குத்தகைக்காரரின் ஆட்களுக்குத்தான் வரும். குறுகிய இடம், புழுக்கம், கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தின் அதிர்வு, கண் தெரியாத தூசு. இழை கலந்த சுவர் எளிதில் உடையாது. உடைந்த துண்டுகளும் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். உடைந்த முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனிகள் துணிக் கையுறையைத் துளைத்துக் கையில் ஏறும். தோல் கையுறையும் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அதைவிடப் பெரிது. லைனிங் தூசியில் இருக்கக்கூடிய படிக சிலிக்காவை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. நுரையீரலை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோயும் அதனால் வரும். குரோமியம் உள்ள எஃகு, சிமெண்டின் கால்சியத்தோடு காற்றுப்படும் சூட்டில் நீண்ட நாள் கிடந்தால் ஆறிணைய குரோமியம் என்னும் நச்சு உருவாக வாய்ப்புண்டு. அதுவும் அதே முதல் வகைதான். பழைய சுவரிலும் ஏங்கரிலும் மஞ்சள் நிறப் படிவு தெரிந்தால் வேலையை நிறுத்திச் சோதிக்கச் சொல்ல வேண்டும். கைக்குட்டையோ மருத்துவ முகக்கவசமோ இந்தத் தூசிக்குப் போதாது. நுண்தூசியை வடிகட்டும், முகத்தில் சரியாகப் பொருந்தும் சுவாசக் கவசம் வேண்டும். நீர் தெளித்து உடைத்தால் தூசு பெருமளவு அடங்கும்.

சட்டமும் இப்போது தொழிலாளர் பக்கம் கூடுதலாக நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், முதலாளியிடம் தெரிவித்தும் அந்த ஆபத்து நீக்கப்படாவிட்டால், தொழிலாளர் அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. குத்தகை வேலைக்கு வந்தவர்களின் பாதுகாப்புக்கு, வேலையைக் கொடுத்த தலைமை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் நாள் கூலிக்கு ஆள் எடுக்கும் குத்தகைக்காரர் சொக்சோவில் பெயர் பதிந்திருக்கிறாரா என்பதை வேலைக்கு ஏறும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்கும்போது பல குடும்பங்களுக்குக் காலம் கடந்துவிடுகிறது.

இந்தத் துறையில் கைவேலையைத் தாண்டிப் போக விரும்பும் பிள்ளைகளுக்குப் படிப்பு வழிகளும் உண்டு. அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம், நிபோங் திபாலில் உள்ள தன் பொறியியல் வளாகத்தில் மூலப்பொருள், கனிம வளப் பொறியியல் கற்பிக்கிறது. 2001க்கு முன் அந்த வளாகம் பேராக்கின் துரோனோவில்தான் இருந்தது. ஈப்போவில் 1969 முதல் உங்கு ஓமார் போலிடெக்னிக் இயங்குகிறது. கனிம, புவி அறிவியல் துறையின் கனிம ஆய்வு மையமும் ஈப்போவிலேயே இருக்கிறது. பீடோர், தாப்பா பக்கம் தோண்டப்படும் வெள்ளைக் களிமண்ணான கயோலினும் தீச்செங்கல் தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்று.

சிறிய வார்ப்புப் பட்டறை நடத்துபவர்கள் அடுத்த முறை லேடல் மூடி வார்க்கும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அச்சில், ஒரே காஸ்டபலில் இரண்டு மூடிகள். ஒன்றில் 3 விழுக்காடு இழை, மற்றதில் இல்லை. இரண்டிலும் வார்த்த தேதியை எழுதி, மாறி மாறிப் பயன்படுத்தி, எத்தனை முறை தாங்கின என்று சுவரில் கோடு போட்டு வர வேண்டும். இழைக்குக் கொடுத்த காசு திரும்பி வந்ததா என்பது அந்தக் கோடுகளை எண்ணினால் தெரிந்துவிடும்.